விறாந்தை வேண்டாம், வளவில் ஒரு கொட்டில் போடுங்கள்

2024 டிசம்பரில் மியன்மாரைச் சேர்ந்த ரோகிங்கியா அகதிகளின் படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தபோது சாப்பாடும் தண்ணியும் கொண்டு ஓடினது எங்கள் கடற்றொழிலாளர்கள்தான். நூறுக்கு மேற்பட்ட சனம், அதில் குழந்தைகள் நிறைய. திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள், பிறகு கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குள் விட்டார்கள். 2017இல் படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு ஊர்ச்சனம் றோட்டில் குந்தியிருந்தது அந்த முகாம் வாசலில்தான்.

இப்படி வருகிற குடும்பங்களை முகாமில் அடைக்காமல் விரும்பிய வீட்டுக்காரரிடம் தற்காலிகமாக விடலாம் என்பதுதான் என் வாதம். ஆனால் "மனம் இருந்தால் போதும்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும், மனம் முதல் கிழமைக்குத்தான் காணும்.

1995 ஒக்டோபர் 30இல் சண்டையால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் சனம் முழுக்க வெளிக்கிட்டது. அடுத்த வருடம் கிளாலிக் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்த சனத்தில் மூன்று குடும்பம் எங்கள் அக்கராயன் வளவில். முதலில் எல்லாருக்கும் ஒரே அடுப்பு. அம்மா உப்புப் போட்டது தெரியாமல் வந்த மாமியும் போடுவா. கறி வாயில் வைக்க ஏலாது, ஒருவரும் வாய் திறக்கவும் மாட்டார்கள். அந்த வாய் திறக்காததுதான் பெரிய கரைச்சல். ஐயா மாமரத்தடியில் கிடுகால் கொட்டில் போட்டு, தனி அடுப்பு வைத்துக் கொடுத்தார். கிணற்றடிக்குப் பனையோலை மறைப்பு. அதற்குப் பிறகுதான் மாமியும் அம்மாவும் சிநேகிதமானார்கள். மலசலகூடக் குழி நிரம்பினது தனிக்கதை. இரண்டாவது குழி வெட்டின காசு ஐயாவின் நெல்லுக் காசு. நிவாரண அட்டை வந்தவர்களுக்குத்தான், இடம் கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை.

2022இல் பிரித்தானியா உக்ரைன் மக்களுக்கு வீடுகளைத் திறந்தபோது இடம் கொடுத்தவருக்கு மாதம் 350 பவுண்ஸ் கொடுத்தது. குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும், உள்ளூர் சபை வந்து வீட்டைப் பார்க்கும். எங்களிடம் பவுண்ஸ் இல்லை, சரி. அரிசி, பருப்பு, ஒரு மலசலகூடத்துக்கான சீமெந்து இருந்தால் காணும். கால எல்லை எழுத்தில் வேண்டும். இலங்கை 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. வருகிறவர்களுக்கு இங்கே வேலை செய்யும் உரிமை இல்லை, வேறொரு நாடு ஏற்கும்வரை காத்திருக்க வேண்டும். அது எவ்வளவு காலம் இழுக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாதென்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாற்ற வழி இருக்க வேண்டும்.

இடம் கொடுக்கிறவர் கையில் பிரதேச செயலகத்தின் அனுமதிக் கடிதம் இருப்பதும் முக்கியம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான், ஆப்கான் அகதிகளை அயலின் நெருக்குதலால் வீட்டுக்காரர்கள் வெளியேறச் சொன்னார்கள். அவர்களில் சிலரை வவுனியாவில் பூந்தோட்டம் என்ற இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டிவந்தது. வீட்டுக்காரர் எல்லாரும் கெட்டவர்களா? அப்படியில்லை. கும்பல் படலையில் வந்து நிற்கும்போது தனி மனிதனால் என்ன செய்ய முடியும்? கையில் கடிதமும் பக்கத்தில் கிராம சேவகரும் இருந்தால் கதை வேறு.

இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் ஒழுங்கையிலேயே வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் கட்டிப் பூட்டிவைத்த வீடுகள் இருக்கின்றன. திருவிழாவுக்கு வந்து தூசி தட்டிவிட்டுப் போவார்கள். அதில் ஒன்று என் சித்தப்பாவின் வீடு. அவரும் ஒருகாலம் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தவர்தான். கேட்டுப் பார்த்தேன். "சித்தியோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன்" என்றிருக்கிறார்.