மேரியின் பார்வையைப் பறித்தது எது?

தம் குடும்ப வாழ்வைக் கதைகளாக எழுதிய அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டரைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவருடைய அக்கா மேரி, ஸ்கார்லெட் காய்ச்சலால் பார்வையிழந்தார் என்று கட்டுரையாளர் அதில் எழுதியிருப்பது, லாராவின் கதைநூலில் உள்ளதுதான் என்றாலும் உண்மையில் நடந்தது வேறாக இருக்கக்கூடும். 1879-இல், மின்னசோட்டாவின் வால்நட் குரோவ் ஊரில், 14 வயது மேரிக்குக் கடும் தலைவலியும் காய்ச்சலும் கண்டு பிதற்றல் மிகுந்ததையும், தலைச்சூட்டைத் தணிக்கக் கூந்தலை ஒட்ட வெட்டியதையும், பிறகு முகத்தின் ஒரு பக்கம் கோணிப்போனதையும் லாரா தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். ஸ்கார்லெட் காய்ச்சலுக்குரிய செந்தடிப்பு அங்கே பேசப்படவே இல்லை. இந்தக் குறிப்புகளையும் லாராவின் கடிதங்களையும் அக்காலச் செய்தித்தாள்களையும் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், மூளையையும் அதன் உறையையும் தாக்கிய வைரஸ் அழற்சியே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கும் என 2013-இல் எழுதினார்கள். அன்றைய வாசகர்களுக்குப் பழகிய நோய்ப்பெயர் என்பதால் கதையில் ஸ்கார்லெட் காய்ச்சல் என்று மாற்றப்பட்டிருக்கலாம்; அதைக் குறையாக நான் கருதவில்லை.

மேரி கடைசியாகக் கண்டது, தம் நாற்காலியைப் பிடித்தபடி நின்ற குட்டித் தங்கை கிரேஸின் நீலக் கண்களைத்தான். 1881-இல் அயோவாவின் விண்டன் நகரிலிருந்த பார்வையற்றோர் கல்லூரியில் சேர்ந்த அவர், படிப்பு முடிந்து வீடு திரும்பியபின், குதிரைகளை ஈக்களிடமிருந்து காக்கும் வலைகளைப் பின்னிக் குடும்ப வருமானத்துக்கு உதவினார். கட்டுரையில் இந்தப் பகுதிக்கு ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.