கேட்டமரன் வேறு, கட்டுமரம் வேறு

ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ என்று எங்கே வந்தாலும் ‘கட்டுமரம்’ என்றே பொருள் கொள்ளலாம் என ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பிறப்பைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. அது நம் சொல்லிலிருந்தே போனது. 1697இல் வெளியான, ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியரின் பயண நூலிலும் அது ஓரிரு மரங்களால் ஆன மிதவையைத்தான் குறித்தது. இன்றைய வழக்கில் பொருள் மாறிவிட்டது. இப்போது அது பெரும்பாலும் இரண்டு உடற்பகுதிகளை ஒரு தளத்தால் இணைத்த படகைக் குறிக்கிறது.

பாம்பன் கரையில் வளர்ந்தவன் என்பதால் இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டுமரத்தில் குடைவே கிடையாது. கயிற்றால் பிணைத்த மரங்களின் இடுக்கில் தண்ணீர் ஏறும், இறங்கும். மேலே இருப்பவர் முழங்கால்வரை நனைந்தே இருப்பார். பெரிய கேட்டமரனில் அறையே இருக்கும், படுத்துத் தூங்கலாம்.

சரிபார்க்க, ஏதாவது ஒரு நல்ல ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லைப் பாருங்கள். சொற்பிறப்பில் தமிழ் என்றிருக்கும், பொருளில் இரட்டை உடல் படகு என்றிருக்கும். மொழிபெயர்ப்புத் தேர்வு எழுதும் தம்பி தங்கைகள் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்தே படியுங்கள்.