கணக்கு வெளிச்சத்தில் இல்லை, இருட்டில்

சாமந்திக்கு ஒரு நாளில் 12 மணி நேர வெளிச்சம் போதும், பூத்துவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி. செடி எண்ணுவது இரவின் நீளத்தை, அதுவும் இடையில் தடைபடாத இருட்டை. ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் நட்ட முதல் மூன்று நான்கு வாரம் இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை பல்பு எரிய விடுவது இதற்காகத்தான். நடு ராத்திரியை உடைத்தால் மொட்டு வைக்காமல் உயரமாக வளரும். இந்த ஊரில் ஜூனில்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாது. விளக்கு போடாவிட்டால் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும், அந்தக் காம்பை எந்த வியாபாரி வாங்குவான்?

விளக்கை நிறுத்திய பிறகுதான் உண்மையான கவனம் தேவை. போன வருஷம் எங்கள் மோட்டார் கொட்டகை பல்பு விடிய விடிய எரிந்தது. அதன் பக்கத்திலிருந்த இரண்டு பாத்தி மட்டும் இலையாகவே நின்றது. நான் உரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்! அப்புறம் அந்த வெளிச்சம் படாமலிருக்க, பாத்திகளின் மேல் கறுப்புத் துணியை மாலை 6 மணிக்கு இழுத்து, காலை 7 மணிக்குத்தான் விலக்கினோம். மொட்டு வந்தது, ஆனால் ஆயுதபூஜை சந்தை முடிந்திருந்தது.