மேலூர் பட்டறை வரை வந்த வட்டி

பணக்கார நாடுகளில் விலைவாசி அடங்கிவிட்டது, இனி வட்டியைத் தயங்காமல் குறைக்கலாம் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருக்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த அமெரிக்கப் பணவீக்கம் அப்புறம் இறங்கியது உண்மைதான். ஆனால் ஏறிய விலை ஏறியதுதான், ஏறும் வேகம் மட்டுமே குறைந்தது. அங்குள்ள சம்பளக்காரர்களின் கோபம் தீராததற்கு அதுதான் காரணம்.

நான் மேலூர் பக்கம், அமெரிக்க வீடுகளின் சமையல் மேடைக்குக் கல் அனுப்பும் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். அமெரிக்காவில் 3 சதவீதமாக இருந்த வீட்டுக்கடன் வட்டி 2023 அக்டோபரில் 8-ஐ நெருங்கியது. பழைய வட்டியில் கடன் வாங்கியவர்கள், அடுத்த வீட்டுக்குப் புது வட்டி கட்ட வேண்டுமே என்று, வீட்டை விற்கத் தயங்கினார்கள். வீடு கைமாறாவிட்டால் சமையல் மேடைக்குப் புதுக் கல் யார் கேட்பார்கள்? மரச்சட்டம் அடித்துத் தயாராக நின்ற கல் பலகைகள் மேல் நாலு மாதம் தூசி படிந்தது. இரண்டு மிஷின்களைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். அவற்றை ஓட்டிய பையன் திருப்பூருக்குப் போய்விட்டான்.

கட்டுரை தொடாத விஷயம் கடன். 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசு கட்டிய வட்டி, அதன் ராணுவச் செலவையே தாண்டியது. ஜப்பானின் அரசுக் கடன் அந்த நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வட்டி உயர்ந்தால் கஜானாவுக்கு வலி, அவசரப்பட்டுக் குறைத்தால் விலை மறுபடி கிளம்பும். இதையும் விரிவாக எழுதுங்கள் ஐயா.