இந்தியா கேட்டில் இருப்பது யாருடைய பெயர்கள்?

டெல்லி இந்தியா கேட்டில் செதுக்கியிருப்பவை விடுதலைப் போராட்ட வீரர்களின் பெயர்கள் என்று இங்கே பலர் பகிர்கிறீர்கள். அப்படி இல்லைங்க. முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கன் போரிலும் உயிரிழந்த பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தினருக்காக ஆங்கிலேய அரசே எழுப்பிய சின்னம் அது. 1921இல் அடிக்கல், 1931இல் திறப்பு. பெயர்கள் 13,000க்கு மேல். அவர்களும் மறக்கப்படக் கூடாதவர்கள்தான். நேரில் போனால் வளைவின் மேலுள்ள ஆங்கில வாசகத்தைப் படியுங்கள்: பிரான்ஸ், மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, கலிப்பொலி என்று போர்க்களங்கள் வரிசையாக வரும். போக முடியாதவர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இந்தியா கேட் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அங்கே பொறிக்கப்பட்டவர்களின் பட்டியலையே பார்க்கலாம்.