பூட்டை ஒரே தடவை பூட்டுங்க ஆச்சி

“கவுன்சிலிங்னா சும்மா பேச்சு, காசுக்குப் பிடிச்ச கேடு” என்பவர்களும், சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் பயிற்சியால் மாற்றுகிற மனநலச் சிகிச்சை) போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் காரைக்குடியில் எனக்குப் பழக்கம். இரண்டு தரப்பிடமும் சண்டை போட்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி. முகப்பிலிருந்து பின்கட்டு வரை அத்தனை கதவு, உள்ளே ஒற்றை ஆள். பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், படுப்பார், மறுபடி எழுந்து வந்து இழுத்துப் பார்ப்பார். விடிய விடிய இதேதான். கயிறு மந்திரித்துக் கட்டியும் நிற்கவில்லை. கடைசியில் மதுரையில் மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்து, சிபிடிக்கு ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. எந்தக் கதவுக்கு எவ்வளவு பயம் என்று மார்க் போடச் சொன்னார். குறைந்த மார்க் சாமான் அறைக்கு. அதிலிருந்து ஆரம்பம்: ஒரே தடவை பூட்டு, கையை எடு, திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார். முதல் நாள் நானும் கூட இருந்தேன். ஆச்சிக்குக் கை நடுங்கியது, முந்தானையைப் பிசைந்துகொண்டே இருந்தார். படபடப்பு உச்சிக்குப் போய், எதுவும் செய்யாமலேயே மெல்ல இறங்கியது. திருடன் வரமாட்டான் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறோம், ஏறவில்லை. இப்படிப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் ஏறியது. சில மாதம் கழித்து, “ஆத்தா, நேத்து முகப்பையும் ஒரே தடவதான் பூட்டுனேன்” என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இதை வெறும் பேச்சு என்று யார் சொன்னாலும் விடமாட்டேன்.

ஆனால் அதே ஆச்சி இன்னொன்றும் சொல்வார்: “எனக்கப்புறம் இந்த வீட்ல விளக்கேத்த ஆளில்ல.” பிள்ளைகள் சிங்கப்பூரில். அது கோணல் எண்ணம் இல்லை, நிஜம். 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இந்தச் சிகிச்சையை உருவாக்கியபோது, மனச்சோர்வில் தானாக ஓடும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கத்தான் சொன்னார். சோதித்தும் உண்மையாகவே நிற்கிற துயரத்துக்கு மனுஷர் வேண்டும். கந்துவட்டியில் மாட்டியவரிடம் “பாசிட்டிவா யோசிங்க” என்பது சிபிடியே இல்லை, அநியாயம். பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்), மனச்சிதைவு இருப்பவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. கொடுத்த பயிற்சியை வீட்டில் செய்யாதவருக்கும் பலன் குறைவுதான்.

எனக்குப் பெரிய ஆத்திரம் தூரத்தின் மேல். வழக்கமாக 12 முதல் 20 அமர்வு, வாரம் ஒன்று. நாட்டரசன்கோட்டையில் கூலிக்குப் போகிற பெண் வாராவாரம் மதுரைக்குப் பஸ் ஏற முடியுமா? பாகிஸ்தான் கிராமங்களில் சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்கே இந்த முறையைக் கற்றுக்கொடுத்து, மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், அவர்கள் போன இடத்தில் 23 சதவீதம் பேருக்குத்தான் சோர்வு மிஞ்சியது, மற்ற இடத்தில் 53 சதவீதம். 2008இல் வெளியான முடிவு இது. நம் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் அக்காக்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பயிற்சியையும், அதற்கான சம்பளத்தையும் சிவகங்கை மாவட்டத்திலிருந்தே தொடங்கிக் கொடுங்கள். அதுவரை, ராத்திரி தூக்கம் வராமல் இதைப் படிக்கிறவர்கள் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.