ஊசி போட்ட மீனும் ஊசி போட்ட நானும்

போன ஞாயிற்றுக்கிழமை பாம்பன் ரோட்டோரத்தில் அம்மா மீன் விரித்திருந்தாள். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு. ராமேஸ்வரம் போய்த் திரும்புகிற கார்க்காரர் ஒருத்தர் இறங்கி வந்து கடல் விராலைத் தூக்கிப் பார்த்தார். "கூண்டு மீனா? அதெல்லாம் ஹார்மோன் ஊசி போட்டு வளக்குறதாம்ல, வேணாம்மா." போட்டுவிட்டுப் போய்விட்டார். அது தூண்டில் மீன் என்று சொல்லக்கூட அம்மாவுக்கு நேரம் கொடுக்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். "விலங்கியல் படிச்சவ நீதான? வாயத் தொறக்க மாட்டியா?"

அங்கே வரவில்லை. இங்கே வருகிறது.

ஊசி போடுவது உண்மைதான். ஆனால் யாருக்கு? 2010 மார்ச்சில் மண்டபத்து மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில், இந்தியாவிலேயே முதல்முறையாக, வளர்ப்பில் இருந்த கடல் விராலை முட்டையிட வைத்தார்கள். அங்கே ஊசி தாய்க்கும் தகப்பனுக்கும். அதுவும் முட்டையிட வேண்டிய நேரத்தில் மட்டும். குஞ்சு பொரித்து, கடலில் கட்டிய வலைக் கூண்டில் வளர்ந்து உங்கள் சட்டிக்கு வருகிற மீன் ஊசியையே பார்த்ததில்லை.

எதற்கு இந்த ஊசி? அடைத்து வைத்த மீன் தின்னும், கொழுக்கும், சினையும் பிடிக்கும். கடைசிப் படியில் நின்றுவிடும். மூளை தனக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல வேண்டும், பிட்யூட்டரி சினைப்பைக்குச் சொல்ல வேண்டும், சினைப்பை ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரந்து முட்டையிடம் "பழுத்தது போதும், கிளம்பு" என்று சொல்ல வேண்டும். தொட்டிக்குள் அந்த முதல் குரலே சரியாக எழும்புவதில்லை. பிட்யூட்டரி சொல்ல வேண்டியதை அதற்குப் பதிலாகச் சினைப்பையிடம் சொல்வதற்குத்தான் ஊசி.

இந்த வித்தைக்கு நம் நாட்டில் வழி திறந்தவர் மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி. அதுவரை கெண்டைக் குஞ்சு வேண்டுமென்றால் பெரும்பாலும் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை கட்டி அள்ள வேண்டும். இவர் மீன் தலையைப் பிளந்து, மூளைக்கு அடியில் கிடக்கிற அந்தத் துளி பிட்யூட்டரியை எடுத்து, அரைத்து, இன்னொரு மீனுக்கு ஏற்றினார். ஒடிசாவின் அங்குல் ஊரில் கெண்டை முட்டையிட்ட நாள் 1957 ஜூலை 10. இன்றைக்கும் தேசிய மீன் வளர்ப்போர் தினம் அந்தத் தேதிதான். முட்டையைக் கடைசியாகப் பழுக்க வைக்கிற ஸ்டீராய்டு இன்னது என்று ஜப்பானில் நாகஹாமா என்ற விஞ்ஞானி ஒரு சால்மன் மீன் வகையில் அடையாளம் காட்டியது 1985-இல். ஊசி பலித்ததற்கும் அதற்கும் நடுவே 28 வருஷம். ஒரே கேள்வியோடு வாழ்நாள் முழுக்கக் குடித்தனம் நடத்துகிற இந்த ஆட்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

இப்போது என் கதை. மண்டபத்தில் போட்ட ஊசிக்குப் பெயர் ஹெச்.சி.ஜி. கர்ப்பிணிகளின் உடம்பில் ஊறுகிற ஹார்மோன். கர்ப்பம் பார்க்கிற அட்டையில் இரண்டாவது கோடு விழுவது அதனால்தான். கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்தே பிரித்தெடுத்து மருந்தாக்கினார்கள். இந்தப் பெயரை நான் பாடப் புத்தகத்தைவிட அதிகம் பார்த்தது மருந்துச் சீட்டில். கல்யாணமாகி ஆறாவது வருஷம், மதுரைக்கு பஸ் ஏறி ஏறி இறங்கிய காலம். ஸ்கேனில் முட்டைப்பை 18 மில்லிமீட்டர் வந்ததும், "இன்னைக்கு ராத்திரி பத்தரைக்கு ஊசி, நேரம் பிசகக் கூடாது" என்றார்கள். போட்டால் ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டைப்பை வெடித்து முட்டை வெளியே வரும்.

மண்டபத்தில் தாய் மீனுக்கும் இதே பாடுதான். மெல்லிய குழாயை விட்டு முட்டையை உறிஞ்சி, மைக்ராஸ்கோப்பில் அளந்து, 700 மைக்ரான், அதாவது 0.7 மில்லிமீட்டர், வந்தால்தான் ஊசி. கிலோவுக்கு 500 யூனிட். எனக்குப் போட்டது 5,000. பத்துக் கிலோ தாய் மீனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எனக்கு மூன்றாவது தடவைதான் கரு நின்றது. என் மகளுக்கு இப்போது நாலு வயசு. அவளை யாரும் ஹார்மோன் பிள்ளை என்று ஒதுக்கினால் சும்மா விடுவேனா?

கூண்டு வளர்ப்பு மேல் எனக்கும் கேள்வி இருக்கிறது. ஏழை வீட்டுக் குழம்புக்குப் போக வேண்டிய சாளையை வெட்டிக் கூண்டுக்குள் கொட்டுகிறார்களே, அதைக் கேளுங்கள். சேர்ந்து கேட்கிறேன். ஊசியைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்.

அம்மா ஆறாம் வகுப்போடு நின்றவள். மீன் வயிற்றை விரலால் ஒரு அழுத்து அழுத்தி, "இது ரெண்டு நாள்ல முட்டைய ஊத்திருக்கும்" என்பாள். அறுத்தால் சினை அப்படியே இருக்கும். குழாயும் மைக்ராஸ்கோப்பும் வைத்து அங்கே பார்ப்பதும் இதைத்தான்.

அந்தக் கடல் விரால் கடைசிவரை விலை போகவில்லை. ராத்திரி எங்கள் வீட்டில் குழம்பு. அம்மா புளி கரைத்துக்கொண்டிருக்க, இதையெல்லாம் முதல்முறையாக அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்:

"அந்த மீனுக்கும் ராத்திரி பத்தரைக்குத்தான் போடுவாகளாடி?"